பந்தா, மோப்பமா, மெஷினா: வீட்டுக்குள் அடைபட்ட நாய்க்கு எது ஒத்துவரும்?

போன ஐப்பசியில் எங்கள் தெருவில் 4 நாள் தண்ணீர் வடியவில்லை. மேடவாக்கம் பக்கம், மூன்றாவது மாடி வீடு. எங்கள் நாயின் பெயர் வெல்லம். நாட்டு நாய், 3 வயது, 16 கிலோ. காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி என்று நடந்து பழகியவள். தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும், தடுப்பூசி போட்டிருந்தாலும் அதில் நடக்கவிடாதீர்கள் என்றார் டாக்டர். கேட் பக்கத்து மேட்டில் ஒன்றுக்கு, இரண்டுக்கு முடிந்ததும் மேலே கூட்டி வந்துவிடுவோம். இரண்டாம் நாள் சோபாவின் ஓரத்தைக் கிழித்துப் பஞ்சை இழுத்துப் போட்டாள். மூன்றாம் நாள் தன் முன்னங்காலை நக்கத் தொடங்கினாள். நக்கி நக்கி ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடி போய், தோல் சிவந்துவிட்டது. சோபாவைத் தைத்துக்கொள்ளலாம். அந்தக் காலைப் பார்க்கத்தான் மனசு தாங்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு வருடமாக, வீட்டுக்குள்ளேயே நாயை ஈடுபடுத்த என்னென்ன வழி உண்டோ ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். கடையில் விற்பது, சமையலறையில் கிடைப்பது, மாதக் கட்டணம் கட்டிச் சேர்ப்பது, எல்லாமும்தான். அண்ணன் வீட்டில் பக் என்ற தட்டை மூக்கு இன நாய் இருக்கிறது. சாத்தூர் பக்கம் சித்தப்பா சிப்பிப்பாறை என்ற வேட்டை நாய் வளர்க்கிறார். அவற்றிடமும் சிலதைச் செய்து பார்த்ததால், எல்லா நாய்க்கும் ஒரே விடை கிடையாது என்பதும் தெரிந்தது. இது மழைக்கால விஷயம் மட்டுமல்ல. அக்னி நட்சத்திரத்தில் காலை ஒன்பது மணிக்கே தார் ரோடு பாதத்தைச் சுடும். தீபாவளி வாரத்தில் வெடிச்சத்தத்துக்குப் பயந்து நாய் வாசலைத் தாண்டாது. ஆபரேஷன் முடிந்து வந்த நாயை வெளியே விட முடியாது. வருடத்தில் இப்படிப்பட்ட நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஒன்றிரண்டு மாதமாவது வரும்.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாய் எவ்வளவு களைத்துப் போகிறது என்பதைத்தான் நான் ஆரம்பத்தில் அளவாக வைத்திருந்தேன். அது தப்பு. மூச்சு வாங்குவதும் மனசு நிறைவதும் ஒன்றல்ல. இப்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: விளையாட்டு முடிந்து பத்து நிமிடம் கழித்து நாய் என்ன செய்கிறது? ஒருக்களித்துப் படுத்துப் பெருமூச்சு விட்டால் அந்த விளையாட்டு அதற்கு ஒத்துவந்தது. எழுந்து எழுந்து நடந்தால், இன்னும் வேண்டும் என்று நச்சரித்தால், உடம்பு களைத்திருக்கிறது, மனசு அடங்கவில்லை என்று அர்த்தம். செலவு, இடம், கீழ்வீட்டாருக்குத் தொந்தரவு எல்லாம் அதற்கப்புறம்தான்.

பந்திலிருந்து தொடங்குகிறேன், எல்லோரும் அதில்தான் தொடங்குகிறோம். எங்கள் ஹால் 18 அடி நீளம். 20 தடவை வீசினால் வெல்லத்துக்கு நாக்கு தொங்கிவிடும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பந்தை வாயில் வைத்துக்கொண்டு என் முன்னால் நிற்பாள், கண் பளபளக்க. இன்னும் 20 தடவை வீசினால் இன்னும் வேகம் ஏறும், இறங்காது. அதைவிடப் பெரிய சங்கடம் தரை. டைல்ஸில் நகம் பிடிக்காது. ஓடிப்போய்ச் சட்டென்று திரும்பும்போது பின்னங்கால் ஒரு பக்கம் போகும், உடம்பு ஒரு பக்கம் போகும். ஐந்தாம் நாள் அப்படித்தான் வழுக்கினாள். முட்டியில் தசைநார் இழுத்துக்கொண்டு பத்து நாள் நொண்டினாள். வலியைத் தந்தது என் கையால் வீசிய பந்து என்பது இன்றும் உறுத்துகிறது. லேப் (லாப்ரடார்), ஜெர்மன் ஷெப்பர்ட் இனங்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாகவே வரக்கூடியது. நீள முதுகு டாஷண்டுக்கு முதுகெலும்பு. எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் குட்டிகளுக்கு எல்லாமே. இவற்றுக்கு டைல்ஸில் பந்து வேண்டவே வேண்டாம். வீசியே ஆகவேண்டும் என்றால் ரப்பர் பாய் விரித்து, வீசாமல் உருட்டிவிடுங்கள். தூக்கிப் போட்டால் குதிக்கும், குதித்தால் வழுக்கும். லேசர் லைட்டைத் தரையில் அடித்து ஓடவிடுவது இதைவிட மோசம். எவ்வளவு ஓடினாலும் வாயில் ஒன்றும் சிக்காது. சில நாய்கள் அப்புறம் சுவரில் விழும் நிழலையும் வெளிச்சத்தையும் நாள் முழுக்கத் துரத்தத் தொடங்கிவிடும்; அந்தப் பழக்கத்தை மாற்றுவது மிகவும் கஷ்டம்.

என்னை மாற்றியது மோப்பம். காசு செலவில்லை, சத்தமில்லை, ஆறுக்கு எட்டு அடி அறை போதும். ஒரு கைப்பிடி டிரை ஃபுட்டை எடுத்து, நாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேஜைக்கால் பக்கம் ஒன்று, கதவிடுக்கில் ஒன்று, செருப்பு ஸ்டாண்டில் ஒன்று என்று வைத்துவிட்டு ‘தேடு’ என்று சொன்னால் போதும். முதல் இரண்டு நாள் கண் பார்க்க வையுங்கள். மூன்றாம் நாள் நாயை வேறு அறையில் விட்டுவிட்டு ஒளித்து வையுங்கள். அப்போது கண்ணை விட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொள்ளும். வெல்லம் முதன்முறை அப்படித் தேடியபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு சத்தமே இல்லை, விட்டு விட்டு ஓடும் சின்னத் தையல் மெஷின் மாதிரி அந்த மூச்சு மட்டும். 12 துண்டுக்கு 15 நிமிடம் எடுத்துக்கொண்டாள். முடித்ததும் நேராகப் போய்த் தன் பாயில் படுத்துவிட்டாள். ஹாலில் 40 தடவை பந்து வீசியும் நடக்காதது அது.

காரணம் மூக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. வாசனையை உணரும் ஏற்பிகள் நமக்கு 50, 60 லட்சம் என்றால், நாய்க்கு இனத்தைப் பொறுத்து 10 கோடியிலிருந்து 30 கோடி வரை. நாம் மூச்சை இழுத்த வழியிலேயே விடுகிறோம். நாய் முன்துளையால் இழுத்து மூக்கோரத்துப் பிளவு வழியாக வெளியே விடும். அதனால் உள்ளே வரும் வாசனை கலையாது. வாயைத் திறந்து இரைக்கும்போது இந்த வேலை சரியாக நடக்காது. ஆகவே நன்றாக மோப்பம் பிடிக்கும் நாய் தானாகவே வாயை மூடி, மூச்சை ஒழுங்குபடுத்திக்கொள்ளும். சென்னையின் புழுக்கத்தில் இது சின்ன விஷயமில்லை. நாய் தன் சூட்டை முக்கியமாக நாக்கு வழியாகத்தான் இறக்குகிறது, காற்றில் ஈரம் கூடினால் அது சரியாக நடக்காது. ஓட்டம் உடம்பின் சூட்டை ஏற்றும், மோப்பம் அவ்வளவாக ஏற்றாது.

2019-இல் ஷார்லட் டுரான்டன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வீட்டு நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு, இன்னொன்றுக்கு எஜமானர் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி. ஒரு கிண்ணத்தை ஒரு பக்கம் வைத்தால் அதில் சாப்பாடு இருக்கும், மறுபக்கம் வைத்தால் இருக்காது என்று நாய்களுக்குப் பழக்கியிருந்தார்கள். அப்புறம் கிண்ணத்தை நடுவில் வைத்து, எவ்வளவு சீக்கிரம் போய்ப் பார்க்கின்றன என்று அளந்தார்கள். மோப்பக் குழு முன்னைவிட வேகமாகப் போனது. நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை அவற்றுக்குக் கூடியிருக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. தன் மூக்கால், தன் முடிவால், தானே ஒன்றைக் கண்டுபிடிப்பது நாய்க்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாள் முழுக்க ‘வா, உட்கார், வேண்டாம்’ என்று நாம் சொல்வதையே கேட்டு வாழும் உயிர் அது.

நம் வீட்டுச் சாமான்களே இதற்குப் போதும். பணியாரச் சட்டியின் குழிகளில் ஒவ்வொரு துண்டு போட்டு, மேலே டென்னிஸ் பந்துகளை வைத்தால் அருமையான விளையாட்டு. இரும்புச் சட்டியாக இருந்தால் கனத்தில் நகராது. இட்லித் தட்டிலும் செய்யலாம், ஆனால் அது தரையில் சறுக்கிச் சத்தம் போடும், அடியில் ஈரத்துணி விரிக்க வேண்டும். பழைய துண்டில் தீனியைத் தூவிச் சுருட்டி முடிச்சுப் போடலாம். ஆன்லைனில் வந்த அட்டைப் பெட்டிகள் ஆறேழை வைத்து ஒன்றில் மட்டும் ஒளிக்கலாம். பெட்டியைக் கிழித்தால் கிழிக்கட்டும், அட்டையை விழுங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இது சலித்துவிட்டால் கிராம்பு. வெளிநாடுகளில் மோப்பத்தைப் போட்டியாகவே நடத்துகிறார்கள், அதில் பயன்படுத்தும் வாசனைகளில் கிராம்பும் ஒன்று. இரண்டு கிராம்பைத் துளையிட்ட சின்னத் தகர டப்பாவில் போட்டு மூடி, அதைக் கண்டுபிடித்தால் கோழித் துண்டு என்று பழக்கலாம். கிராம்பும் கிராம்பு எண்ணெயும் நாயின் வயிற்றுக்குள் போகக்கூடாது, டப்பா இறுக்கமாக இருக்கட்டும்.

குறைகளும் உண்டு. ஒளித்த துண்டுகளை எண்ணி வைக்காவிட்டால் மறுநாள் எறும்பு வரிசை கட்டும். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் தீனிக்குச் சண்டை வரலாம், ஒவ்வொன்றையும் தனித்தனி அறையில் தேடவிடுங்கள். ஆரம்பத்தில் நீங்கள் கூடவே இருக்க வேண்டும்.

நீங்கள் கூட இருக்க முடியாத நேரத்துக்குத்தான் தீனி அடைக்கும் பொம்மைகள். அலுவலக ஃபோன் கால் ஓடிக்கொண்டிருக்கும்போது நாய் குரைத்தால் என்ன ஆகும் என்று வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்குத் தெரியும். காங் என்ற ரப்பர் பொம்மை இதில் பழையது. அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்ட் கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்ததாம். பழைய ஃபோக்ஸ்வேகன் வேனிலிருந்து கழற்றிய ஒரு ரப்பர் பாகத்தை அது விடாமல் கடிப்பதைப் பார்த்துத்தான் 1970-களில் இந்த வடிவம் பிறந்தது. நாங்கள் அதில் அடைப்பது தயிர்சாதம். தாளிக்காமல், உப்பில்லாமல், வெங்காயமில்லாமல் குழைத்து, நடுவில் கொஞ்சம் வேகவைத்த கேரட் வைத்து, இரவே ஃப்ரீசரில் வைத்துவிட்டால் காலையில் வெல்லத்துக்கு அரைமணி நேரம் போகும். நக்குவதும் மெல்லுவதும் நாயை அமைதிப்படுத்தும். பத்து நிமிடக் கணக்கில் மோப்பத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அண்ணனின் பக் விஷயத்தில் முதலிடமே இதற்கு. தட்டை மூக்கு நாய்க்கு மூச்சுவிடுவதே பாடு, சட்டியை முட்டித் தள்ளித் தேடுவதைவிட விரித்த ரப்பர் தட்டில் தயிரை நக்குவது அதற்குச் சுலபம்.

ஸ்வீடனைச் சேர்ந்த நினா ஓட்டோசன் பிரபலப்படுத்திய, மூடியைத் தள்ளித் திறந்து தீனி எடுக்கும் புதிர்ப் பலகைகளும் கிடைக்கின்றன. நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒருமுறை சூட்சுமம் பிடிபட்டுவிட்டால் இரண்டு நிமிடத்தில் காலி. ஒன்று வாங்கி, நண்பர்களோடு மாற்றி மாற்றிக் கொள்வதுதான் கட்டுப்படியாகும்.

கடிக்கக் கொடுப்பதில் நம் ஊரில் நடக்கும் சில தவறுகளை இங்கே சொல்லியாக வேண்டும். மாங்கொட்டையை நாய் ஆசையாகச் சப்பும், பிறகு முழுசாக விழுங்கிவிடும். குடலில் அடைத்தால் ஆபரேஷன்தான். மக்காச்சோளக் கட்டையும் அப்படியே. தேங்காய் மட்டையைக் கடிக்கப் போட்டால் நார் உள்ளே போய்த் திரளும். வேகவைத்த எலும்பு ஊசியாக உடையும். சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம் கூடாது. வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்திருக்கிறார்களா என்று லேபிளில் பாருங்கள், கொஞ்சமே போனாலும் நாய்க்கு உயிராபத்து. அப்புறம், விளையாட்டில் கொடுக்கும் தீனியை அன்றைய சாப்பாட்டிலிருந்து கழித்துவிடுங்கள். மழைக்காலம் முடியும்போது 2 கிலோ ஏறியிருந்தால் மூட்டுக்குக் கேடு.

துணியைப் பிடித்து இழுக்கும் விளையாட்டைப் பற்றி ஒரு பயம் உண்டு: நாயை ஜெயிக்க விட்டால் தலைக்கு மேல் ஏறிவிடும் என்பார்கள். 2002-இல் நிக்கோலா ரூனியும் ஜான் பிராட்ஷாவும் 14 கோல்டன் ரெட்ரீவர்களோடு இதையே சோதித்தார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் நாய்கள் ஆதிக்கம் செலுத்தத் தொடங்கவில்லை. எனவே தாராளமாக இழுக்கலாம், ஜெயிக்கவும் விடலாம். ‘விடு’ என்றால் விட வேண்டும், பல் கையில் பட்டால் ஆட்டம் நின்றுவிடும், இந்த இரண்டு விதி போதும். பல் விழுந்து முளைக்கும் குட்டிகளிடம் பலமாக இழுக்காதீர்கள். இது ஐந்து நிமிடத்தில் உடம்பின் முறுக்கை இறக்கிவிடும், ஆனால் மனசைக் கிளறிவிட்டே முடியும். அதனால் இழுப்பு முதலில், மோப்பம் பிறகு என்ற வரிசையில்தான் செய்கிறேன். வரிசை மாறினால் பலன் பாதிதான்.

பயிற்சியையும் நான் விளையாட்டாகவே எண்ணுகிறேன். ஒருமுறை ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று முறை. வித்தைகள் நல்லதுதான், ஆனால் மழை நாளை நான் செலவழிக்க விரும்புவது நகம் வெட்டப் பழக்குவதற்கு. நகவெட்டியைக் காட்டு, ஒரு துண்டு கொடு. பாதத்தைத் தொடு, ஒரு துண்டு கொடு. ஒரு நகம் வெட்டு, நிறுத்திவிடு. முன்பு இரண்டு பேர் அமுக்கிப் பிடித்து, அவள் நடுங்க நடுங்க வெட்டுவோம். இப்போது தானே பாதத்தைத் தூக்கி என் மடியில் வைக்கிறாள். வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், கையசைவில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க இந்த அடைமழை நாட்களைவிட நல்ல நேரம் அமையாது.

டிரெட்மில் பல்லாயிரம் ரூபாய். மனிதர்களுக்கான மெஷினில் பெல்ட் நீளம் பெரிய நாய்க்குப் போதாது. கயிற்றை மெஷினில் கட்டவே கூடாது, ஆள் பக்கத்தில் இல்லாமல் ஓடவிடக் கூடாது. எடை குறைக்க டாக்டர் சொன்னால் தவிர, என் கணக்கில் இது கடைசி. போகிறது, போகிறது, எங்கும் போய்ச் சேரவில்லை; வழியில் முகர ஒன்றும் இல்லை.

பகலில் நாய்களை விட்டுவிட்டு வரும் டே கேர் என்றால் எல்லா நாய்க்கும் கொண்டாட்டம் என்று நினைத்திருந்தேன். ஒரு பெரிய கூடத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று நாய்கள். வெல்லம் முதல் நாள் வந்து விழுந்தவள் விடியும்வரை எழவில்லை, எனக்குச் சந்தோஷம். மூன்றாம் நாள் அந்த வாசலில் காரைவிட்டு இறங்கவே மறுத்தாள். அதே வாரம் இருமலும் வந்தது. அந்தத் தூக்கம் பயத்தின் களைப்பு என்று அப்போதுதான் புரிந்தது. கூட்டத்தில் மகிழும் நாய்களும் உண்டு, குறிப்பாக லேப், பீகிள் குட்டிகள். சேர்ப்பதற்கு முன் ஓர் ஆளுக்கு எத்தனை நாய், தனியாகத் தூங்க இடம் உண்டா, தடுப்பூசிச் சீட்டு கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். இரண்டாம் தடவை போகும்போது வால் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

டிவி, பாட்டு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஸ்காட்லாந்தில் காப்பகத்து நாய்களிடம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில் ரெகேயும் மெல்லிய ராக் இசையும் அவற்றை அமைதிப்படுத்தின. ஒரே இசையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பழகிப் போகிறது என்பதும் தெரிந்தது. வெடிச்சத்தத்தை மறைக்க மெல்லிய பாட்டு உதவும். துணைக்கு இன்னொரு நாய் வாங்குவதைப் பற்றிக் கேட்கிறார்கள்: இந்தக் காரணத்துக்காக வேண்டாம். சலித்துப் போன ஒரு நாய் இருந்த வீட்டில் இரண்டு இருக்கும், அவ்வளவுதான்.

சரி, உங்கள் நாய்க்கு எது? தேடு, துரத்து, பிடி, கிழி, தின் என்று வேட்டைக்கு ஒரு வரிசை இருக்கிறது. ஒவ்வோர் இனமும் அதில் ஏதோ ஒன்றை அதிகமாக விரும்பும். லேபுக்கு வாயில் தூக்கி வருவது பிடிக்கும், அதனால் பொம்மையை ஒளித்து வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். பீகிளுக்கு மோப்பம் சொல்லவே வேண்டாம். சிறிய டெரியர்களுக்குத் துணி இழுப்பும் அட்டைப் பெட்டி கிழிப்பும். நாட்டு நாய்க்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். வயதான நாய்க்கு மெல்ல நடந்து தேடுவதும், நக்குவதும். தையல் போட்ட நாய்க்கு படுத்தபடியே நக்கும் தட்டும், ஐந்து நிமிடப் பயிற்சியும்.

சிப்பிப்பாறை, கன்னி இன நாய் வைத்திருப்பவர்களுக்கு நான் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். முயலைத் துரத்த உருவான உடம்பு அது. சித்தப்பாவின் நாயிடம் பணியாரச் சட்டியை வைத்தேன்; முடித்துவிட்டு வந்து கதவைப் பார்த்து நின்றது. பத்து நிமிடம் கழித்தும் அங்கேயே நின்றது. மழை நாளில் சமாளிக்க ஒரு வழி, கம்பு நுனியில் கயிறு கட்டி, கயிற்றில் துணி கட்டி, மொட்டை மாடியில் ஈரமில்லாத நேரம் தாழ்வாக இழுத்துத் துரத்தவிடுவது. முடிவில் துணி அதன் வாய்க்குக் கிடைத்தே ஆக வேண்டும். நாலு நாளுக்கு இது தாங்கும். நாலு மாதத்துக்கு வீட்டுக்குள் எந்த விளையாட்டும் தாங்காது, வாரம் சில முறையாவது வேலி போட்ட வெட்டவெளி வேண்டும். அது உங்களால் முடியாதென்றால் ஃபிளாட்டில் அந்த இனத்தை வாங்காதீர்கள்.

புதிதாகத் தொடங்குபவர் ஆயிரம் ரூபாய்க்குள் செலவழிப்பதானால், வழுக்காத ரப்பர் பாய்க்கும் ஒரு நல்ல அடைப்புப் பொம்மைக்கும் செலவழியுங்கள். மிச்சம் எல்லாம் சமையலறையில் இருக்கிறது.

இந்த ஐப்பசியில் எங்கள் மழை நாள் இப்படிப் போகிறது. காலை ஆறரைக்கு கேட் வரை போய்விட்டு வந்து ஐந்து நிமிடம் துணி இழுப்பு, உடனே வீடு முழுக்க ‘தேடு’. காலைச் சாப்பாட்டில் பாதி அதிலேயே முடிந்துவிடும். பதினொரு மணிக்கு என் மீட்டிங், அவளுக்கு உறைந்த தயிர்சாதம். மதியம் தூக்கம், வளர்ந்த நாய் நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் தூங்கும், அதைக் கெடுக்கக் கூடாது. மாலையில் ஒரு நகம் அல்லது ஒரு புதுச் சொல். இரவு கிராம்பு டப்பா. நேற்றும் இன்றும் மழை விடவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். முன்னங்காலில் அந்த இடத்தில் முடி மறுபடி வளர்ந்துவிட்டது. கொஞ்சம் வெளிர் நிறத்தில்.